தலைக்கு மேலே ஒரு கம்பி: காட்டோரத் தோட்டங்களில் மின்சாரத்திலிருந்து விலங்குகளைக் காக்க முழுமையான வழிகாட்டி

2023 மார்ச் 7. தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிக்குப் பக்கத்தில் காளிகவுண்டன்கொட்டாய் என்ற ஊர். பயிரைக் காக்க ஒரு தோட்டத்தைச் சுற்றி இழுத்திருந்த கள்ள மின்வேலியில் பட்டு மூன்று யானைகள் ஒரே இடத்தில் விழுந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பித்து, அந்த உடல்களையே சுற்றிச் சுற்றி வந்தன. பதினோரு நாள் கழித்து, மார்ச் 18 அன்று, அதே மாவட்டத்துக் கம்பைநல்லூர் பக்கம் ஓர் ஆண் யானை மேடான இடத்தில் ஏறியது. மேலே போன உயரழுத்தக் கம்பி பட்டு அங்கேயே சாய்ந்தது. அந்த மாதம் முடிவதற்குள் கோவை பெரியநாயக்கன்பாளையம் வனச்சரகத்தில் பூச்சியூர் அருகே இன்னொரு யானை, மின்கம்பம் சாய்ந்து விழுந்ததில் இறந்தது.

மூன்றையும் செய்தியில் ஒரே மாதிரிதான் எழுதினார்கள்: 'மின்சாரம் தாக்கி யானை பலி'. நடந்தது மூன்று வேறு விஷயங்கள். முதலாவது ஒரு மனிதர் தெரிந்தே வைத்த வேலி. அடுத்தது, நிலம் உயர்ந்த இடத்தில் உயரம் போதாமல் போன கம்பி. கடைசியாக, யானை முட்டினால் தாங்காத கம்பம். கள்ள வேலியை விட்டால், மற்ற இரண்டும் யாராவது முன்கூட்டியே பார்த்துச் சொல்லியிருக்கக்கூடியவை. தாழ்ந்த கம்பி ஒரே இரவில் தாழ்வதில்லை. மாதக்கணக்கில் அது நம் கண்ணுக்கு முன்னாலேயே தொங்குகிறது.

ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கணக்குப்படி 2018-19 முதல் 2020-21 வரையிலான மூன்று ஆண்டுகளில் நாடு முழுவதும் 222 யானைகள் மின்சாரத்தில் இறந்தன. அதே காலத்தில் ரயில் மோதி இறந்தவை 45. மின்சாரச் சாவுகளில் ஒடிசா 41, அடுத்து தமிழ்நாடு 34. இந்தக் கணக்கு யானைக்கு மட்டும்தான். மயில், பழந்தின்னி வௌவால், குரங்கு, தேவாங்கு, கீரி, பாம்பு எல்லாம் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

எங்கள் தோட்டம் மலையடிவாரத்தில் இருக்கிறது. காட்டோரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள், வீடு கட்டியிருப்பவர்கள், எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆபத்து நேரத்தில் என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தடுக்கும் வழிகள் அப்புறம்.

எப்படிக் கொல்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

ஒரே கம்பியில் நூறு காக்கை உட்கார்ந்திருக்கும், ஒன்றும் ஆகாது. மின்சாரம் ஓட நுழைய ஓர் இடமும் வெளியேற ஓர் இடமும் வேண்டும். காக்கையின் இரண்டு கால்களும் ஒரே கம்பியில் இருப்பதால் அதற்கு ஓடும் வழி இல்லை. இரண்டு கம்பிகளை ஒரே நேரத்தில் தொடும் அளவுக்கு உடம்பு பெரிதாக இருந்தாலோ, ஒரு கம்பியையும் மண்ணோடு சேர்ந்திருக்கும் ஏதாவது ஒன்றையும் சேர்த்துத் தொட்டாலோதான் உயிர் போகும்.

இதை வைத்துப் பார்த்தால் எது எங்கே சாகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பழந்தின்னி வௌவாலின் சிறகை விரித்தால் நாலடிக்கு மேல் இருக்கும். கம்பியில் தொங்கிவிட்டுப் பறக்கத் தொடங்கும்போது அந்தச் சிறகு பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிடுகிறது. காலையில் கம்பியில் கருகித் தொங்கும் வௌவால்கள் அப்படிச் செத்தவைதான். மயில் உட்காருவது கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில். அந்த இரும்பு மண்ணோடு சேர்ந்தது. தோகையோ சிறகோ கம்பியில் பட்டால் முடிந்தது. அணிலும் குரங்கும் டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஏறும்போது, கம்பி வந்து சேரும் பீங்கான் முனையையும் கீழே உள்ள தொட்டியையும் சேர்த்துத் தொட்டுவிடுகின்றன. யானைக்கு இவ்வளவு கணக்கே தேவையில்லை. அது எப்போதும் நான்கு கால்களாலும் மண்ணைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. ஒரே ஒரு கம்பி போதும்.

முதல் படி: கம்பி அறுந்து கிடந்தாலோ, விலங்கு மாட்டியிருந்தாலோ

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நில்லுங்கள். கிடக்கும் கம்பியிலிருந்தும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் விலங்கிலிருந்தும் குறைந்தது 10 மீட்டர், அதாவது 33 அடி தள்ளி நில்லுங்கள். தரை ஈரமாக இருந்தால் இன்னும் தள்ளி. கம்பி விழுந்த இடத்திலிருந்து மின்சாரம் மண்ணுக்குள் பரவுகிறது. கிட்டத்தில் அழுத்தம் அதிகம், எட்டப் போகப் போகக் குறையும். ஒரு காலை முன்னே வைத்து ஒரு காலைப் பின்னே வைத்தால் இரண்டு கால்களுக்கும் இடையில் அழுத்தம் மாறுபட்டு, ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்கிவிடும். மாடுகள் கம்பியைத் தொடாமலேயே சாவது இதனால்தான்; அவற்றின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். நீங்கள் ஏற்கெனவே கிட்டத்தில் போய்விட்டீர்கள் என்று தெரிந்தால் ஓடாதீர்கள். இரண்டு பாதங்களையும் ஒட்ட வைத்து, தரையிலிருந்து தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வெளியே வாருங்கள்.

கம்பியில் பொறி பறக்கவில்லை, சத்தமும் இல்லை என்பதால் மின்சாரம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. காய்ந்த மண்ணிலோ பாறையிலோ கிடக்கும் கம்பியில் ஓடும் மின்சாரம் குறைவாக இருப்பதால், துணைமின் நிலையத்தில் லைன் தானாக நிற்காமலே போகலாம். நின்றே போனாலும், என்ன கோளாறு என்று தெரியாமல் சில நிமிடங்களில் மறுபடி சார்ஜ் செய்து பார்ப்பார்கள். செத்த கம்பி என்று நினைத்துத் தொட்டவர்கள் இந்த இடைவெளியில்தான் செத்திருக்கிறார்கள். மூங்கில் கழியால் தள்ளுவது, ரப்பர் செருப்பை நம்பிப் போவது எல்லாம் 11,000 வோல்ட் கம்பியிடம் செல்லாது. கம்பத்தில் இருக்கும், லைனை நிறுத்தும் ஏபி சுவிட்சை நீங்களே இழுக்கவும் கூடாது.

அடுத்து போன். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. 2021 ஜூனிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது. உங்கள் பகுதி லைன்மேன், பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர் எண்கள் கையில் இருந்தால் அவர்களுக்கும் நேராகச் சொல்லுங்கள். அப்புறம் வனச்சரக அலுவலகம். மனிதருக்கு அடிபட்டிருந்தால் 108. யாருடைய எண்ணும் இல்லையென்றால் 112.

போனில் என்ன சொல்கிறோம் என்பதில்தான் நேரம் போகிறது. எங்கள் பக்கத்தில் ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு லைன்மேன் என்னிடம் ஒருமுறை சொன்னார்: "கம்பி கெடக்குது, கம்பி கெடக்குதுன்னா நான் எங்கீங் தம்பி போய்த் தேடறது? போஸ்ட்டு நம்பரச் சொல்லுங்க, அங்க வர்றதுக்கு முன்னாலயே லைன நிறுத்தச் சொல்லீர்றேன்." கம்பத்தில் பெயிண்டால் ஓர் எண் எழுதியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரிலும் எண்ணும் பெயரும் இருக்கும். கிட்டப் போகாமல், அடுத்த கம்பத்து எண்ணைப் பார்த்துச் சொன்னாலும் போதும். "இன்ன எண் கம்பத்துக்கும் இன்ன எண் கம்பத்துக்கும் நடுவில் கம்பி அறுந்து கிடக்கிறது, யானை பக்கத்தில் நிற்கிறது, உடனே லைனை நிறுத்துங்கள்" என்று இந்த வரிசையில் சொல்லுங்கள்.

அவர்கள் வரும்வரை மாடு, ஆடு, நாய்களைக் கட்டுங்கள். பாதையின் இரு பக்கமும் ஆள் நிறுத்தி யாரையும் விடாதீர்கள். விழுந்தது யானை என்றால் கூட்டத்தின் மற்ற யானைகள் அங்கேயேதான் நிற்கும். எழுப்பப் பார்க்கும், தொட்டுப் பார்க்கும். அப்படித் தொட்டு அவையும் சாகின்றன. அதனால்தான் லைனை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் முன்னால் வருகிறது. பட்டாசு வெடித்து விரட்டலாம் என்று தோன்றும். மிரண்டு ஓடும் யானை எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த முடிவை வனத்துறையிடம் விட்டுவிடுங்கள்.

லைனை நிறுத்தி, கம்பியை எர்த் செய்து, மின்வாரிய ஊழியரே "இனி போகலாம்" என்று சொன்ன பிறகுதான் யாரும் கிட்டப் போக வேண்டும்.

இரண்டாம் படி: உயிரோடு இருந்தால்

மின்சாரம் அடித்த விலங்கு மேலுக்கு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே திசுக்கள் வெந்திருக்கும். தீக்காயம் இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் முழுசாகத் தெரியும். ஆகவே எழுந்து நடந்துவிட்டது என்று விட்டுவிடாமல் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள்.

மயில் போன்ற பறவை என்றால் ஒரு துணியைத் தலைமேல் போட்டு மூடுங்கள். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் பறவையின் நுரையீரலுக்குள் போய்விடும். மஞ்சள் பூசுவது, சோறு ஊட்டுவது எதுவும் வேண்டாம். குரங்கைக் கையால் தூக்கவே கூடாது. வலியில் கடிக்கும், கூட்டமும் சூழ்ந்துகொள்ளும்.

வௌவாலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மாசி, பங்குனி வாக்கில் தாய் வௌவால்கள் குட்டியை வயிற்றோடு சுமந்துகொண்டே பறக்கும். தாய் செத்துத் தொங்கும்போது குட்டி உயிரோடு அதன் மார்பைக் கவ்விக்கொண்டிருப்பது உண்டு. எங்கள் சப்போட்டா மரங்களுக்கு மேலே போகும் கம்பியில் ஒருநாள் காலை அப்படி ஒன்றைப் பார்த்தோம். செத்தது என்று நினைத்த உடம்பில் ஏதோ அசைந்தது. லைனை நிறுத்தச் சொல்லி, ஊழியர் வந்து இறக்கிக் கொடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. குட்டி பிழைத்தது, வனத்துறை ஆள் வந்து வாங்கிப் போனார். அதிலிருந்து, தொங்கும் வௌவாலை இரண்டு நிமிடம் நின்று பார்க்காமல் நான் கடந்து போவதில்லை. ஆனால் வெறுங்கையால் தொட வேண்டாம். வௌவால் கடியிலும் கீறலிலும் நோய் தொற்றலாம். தடிமனான துணியோ தோல் கையுறையோ வேண்டும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செத்த விலங்கைப் புதைப்பதோ, மயில் தோகையைப் பிடுங்குவதோ, தந்தத்தின் பக்கம் போவதோ கூடாது. யானையும் மயிலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. உடற்கூறு ஆய்வு செய்துதான் எந்த வழியாக மின்சாரம் பாய்ந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். அதை வைத்துத்தான் அந்தக் கம்பியைச் சரிசெய்யவே முடியும்.

மூன்றாம் படி: வருஷத்துக்கு இரண்டு தடவை கம்பிக்குக் கீழே நடங்கள்

எனக்கு இந்த வழிகாட்டியில் மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். வெயில் ஏறும் பங்குனியில் ஒருமுறை, மழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை, உங்கள் நிலத்தின் மேலே போகும் ஒவ்வொரு கம்பியையும் கம்பத்துக்குக் கம்பம் நடந்து பாருங்கள். மத்தியானம் பாருங்கள். அலுமினியக் கம்பி சூட்டில் நீளும், மோட்டார்கள் ஓடும் நேரத்தில் உள்ளே பாயும் மின்சாரத்தாலும் சூடாகும். காலையில் சரியாகத் தெரிந்த கம்பி மூன்று மணிக்கு அதைவிடத் தாழ்ந்திருக்கும்.

உயரத்தைக் கழி வைத்தோ, அளவு டேப் வைத்தோ அளக்கவே கூடாது. இப்படிச் செய்யலாம்: கம்பி கையெட்டும் தூரத்தில் இல்லாதபோது மட்டும், உயரம் தெரிந்த ஓர் ஆளை அதற்கு நேர் கீழே நிற்கச் சொல்லி, நன்றாகத் தள்ளிப் போய் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். அந்தப் படத்தில் ஆளின் உயரம் கம்பியின் உயரத்தில் எத்தனை பங்கு என்று எண்ணுங்கள். ஐந்தரை அடி ஆள் என்றால் மூன்று ஆள் உயரம் பதினாறரை அடி.

தெருவோரமும் தெருக்குறுக்கும் அல்லாத இடங்களில், 11 கிலோவோல்ட் வரையிலான வெற்றுக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மின்பாதுகாப்பு விதி. சுமார் 15 அடி. தெருவைக் குறுக்காகக் கடக்கும் உயரழுத்தக் கம்பிக்கு 6.1 மீட்டர். மனிதருக்கும் மாட்டு வண்டிக்கும் 15 அடி போதும். வளர்ந்த ஆண் யானையின் தோள் மட்டுமே ஒன்பது, பத்து அடி. தும்பிக்கையைத் தூக்கினால் 15 அடியைத் தாண்டிவிடும். ஆகவே யானைத் தடத்தில் விதிப்படி சரியாக இருக்கும் கம்பியே கொல்லும். நான் கணக்கு வைத்திருப்பது 20 அடிக்குக் குறையக் கூடாது என்று; சரிவான நிலத்தில் அதற்கும் மேல்.

கம்பி மட்டும்தான் தாழ்கிறது என்றில்லை, நிலமும் உயரும். வாய்க்கால் தூர்வாரிய மண்ணைக் கரையில் கொட்டுவோம். கிணறு வெட்டிய மண் மேடாகக் கிடக்கும். வரப்பைப் பெரிதாக்குவோம், ஏரிக்கரையைப் பலப்படுத்துவோம். கம்பிக்குக் கீழே மூன்றடி மண் ஏறினால் கம்பி மூன்றடி இறங்கியதற்குச் சமம். யானைகள் கரைமேலும் நடந்து போகும்.

நடக்கும்போது வேறு சிலவற்றையும் பாருங்கள். சாய்ந்த கம்பம். கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி தளர்ந்து கிடப்பது. அதன் நடுவில் முட்டை வடிவப் பீங்கான் இருக்க வேண்டும், அது இல்லையென்றால் மேலே கோளாறு வரும்போது தரைக்கு வரும் பகுதியிலும் மின்சாரம் இறங்கும். உடைந்த இன்சுலேட்டர். கம்பத்தின் உடம்பில் ஆறு, ஏழு அடி உயரத்தில் சேறு அப்பியிருந்தால் யானை அதில் உடம்பைத் தேய்த்திருக்கிறது என்று பொருள். ஒருமுறை தேய்த்த கம்பத்துக்கு அது திரும்ப வரும். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் தென்னை, பாக்கு, பனை. குருத்துக்காக யானை மரத்தைத் தள்ளும். மரம் கம்பியின் மேல் விழும். ஈர மரத்தின் வழியாகவோ, அறுந்து விழும் கம்பியின் வழியாகவோ யானைக்கு வந்துவிடும். சாய்ந்தால் கம்பியில் விழும் தூரத்தில் தென்னங்கன்று வைக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

நான்காம் படி: எழுதிக் கொடுங்கள்

வாயால் சொன்னது நிற்காது. பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். கம்ப எண்கள், டிரான்ஸ்ஃபார்மர் பெயர், சர்வே எண், எடுத்த படம், படம் எடுத்த நேரம், கம்பியின் தோராய உயரம், அந்த வழியில் யானையோ மயிலோ எந்த மாதங்களில் வருகிறது என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். நகல் ஒன்றை வனச்சரகருக்குக் கொடுங்கள். இரண்டு இடத்திலும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வனத்துறையும் மின்வாரியமும் சேர்ந்து கம்பிகளைப் பார்வையிடும்போது உங்கள் மனு பட்டியலில் ஏற அதுதான் வழி.

என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீங்களே குறிப்பிட்டுக் கேளுங்கள். நீண்ட இடைவெளியில் கம்பி தொங்கினால் நடுவில் இடைக்கம்பம் போடச் சொல்லலாம். தளர்ந்த கம்பியை இழுத்துக் கட்டச் சொல்லலாம். கரைமேல் என்றால் உயரமான கம்பம். யானை தேய்க்கும் கம்பத்துக்கு அடியில் கான்கிரீட் பலமும் சுற்றிலும் முள்தகடும். வௌவால் தோப்பு, குரங்கு நடமாட்டம் உள்ள இடத்தில் வெற்றுக் கம்பிக்குப் பதில் உறை போட்ட கேபிள். உறை போட்ட கேபிளுக்குச் செலவு அதிகம், உடனே நடக்காது. ஆனால் இடைக்கம்பமும் இழுத்துக் கட்டுவதும் பெரிய செலவில்லை, அவற்றை விடாமல் கேளுங்கள்.

ஒரு மாதத்தில் அசைவு இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கோ, மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கோ அதே மனுவைக் கொண்டுபோங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேரும் கையெழுத்துப் போட்டால் நல்லது. மயிலுக்காகக் கேட்கிறீர்களா என்று யாராவது தயங்கினால், அந்தக் கம்பிக்குக் கீழேதான் கரும்பு லாரியும் நெல் அறுக்கும் இயந்திரமும் போகின்றன என்று சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் சொந்தக் கருவிகள்

மீட்டர் வரை மின்வாரியம், மீட்டருக்கு இந்தப் பக்கம் நாம். மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியின் கதகதப்புக்குப் பல்லி வரும், பல்லியைத் தேடிப் பாம்பு வரும். பெட்டிக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டருக்குள் பல்லி மாட்டினால் அது சாகும், மோட்டாரும் எரியலாம். கேபிள் நுழையும் ஓட்டைகளை எல்லாம் அடையுங்கள். சிறு ஓட்டைக்கு எம்-சீல் போதும், காற்றோட்டத் துவாரத்துக்கு நெருக்கமான கம்பி வலை. பெட்டிக் கதவு இறுக மூட வேண்டும். மோட்டார் ரூமுக்குள் தேங்காய் மட்டை, பழைய சாக்கு குவித்து வைக்காதீர்கள். எலிக்கு அது வீடு.

பெட்டிக்குள் பாம்பைப் பார்த்துவிட்டால் குச்சியால் குத்த வேண்டாம். வெளியே உள்ள மெயினை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்தபடி விட்டு, தள்ளி வந்து தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். பாதி நேரம் அவர்கள் வருவதற்குள் அது தானே போய்விடும்.

போர்வெல்லிலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரைத் தரையில் போட்டு இலைச்சருகு மூடிக் கிடக்க விடுவது காட்டோரத்தில் பெரிய தப்பு. முள்ளம்பன்றியும் எலியும் கடித்து உறையை உரித்துவிடும், அப்புறம் அதை யார் மிதிக்கிறார்கள் என்பது விதி. குழாய்க்குள் விட்டு இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயினில் போடுங்கள். மண்ணுக்கு மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் நிறுத்திவிடும். மனிதர், நாய், கீரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காவல்.

ஆறாம் படி: வேலி

இதைப் பேசுவது கஷ்டம். ஓர் ஏக்கர் நிலக்கடலையை ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டுப் போனதைக் காலையில் நின்று பார்த்தவர்களுக்கு உபதேசம் பிடிக்காது. எனக்கு அந்தக் கோபம் தெரியும். ஆனாலும், வீட்டு லைனிலிருந்தோ கம்பத்தில் கொக்கி போட்டோ 230 வோல்ட்டை வேலிக்கு விடுவது, எந்த நஷ்டத்துக்கும் பதில் ஆகாது. அந்த மின்சாரம் நிற்காமல் பாய்வது. தொட்ட உடம்பின் தசை இறுகிக்கொள்ளும், விலக முடியாது, இதயம் தாளம் தப்பி நின்றுபோகும். பன்றிக்கு வைத்ததில் யானை சாகிறது, இரவில் தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டக்காரர் சாகிறார், சுவிட்சை நிறுத்த மறந்த வைத்தவரே சாகிறார். ஜாமீன் சிக்கலான வனவிலங்கு வழக்கும், மின்திருட்டு வழக்கும் அதற்கு மேலே.

சட்டப்படியான சூரியமின் வேலி வேறு சாதனம். அதன் எனர்ஜைசர் கருவி பல ஆயிரம் வோல்ட் கொடுத்தாலும், துடிப்பு துடிப்பாகத்தான் கொடுக்கும். ஒரு துடிப்பு நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் மேல் நீடிக்காது. அடுத்த துடிப்புக்குக் குறைந்தது ஒரு நொடி இடைவெளி. அதன் ஆற்றலுக்கும் உச்ச வரம்பு உண்டு. அந்த ஒரு நொடியில் விலங்கு சுரீரென்று உணர்ந்து பின்வாங்கிவிடும். வலிக்கும், கொல்லாது.

தமிழ்நாடு அரசு 2023இல் மின்வேலிகள் பதிவு, ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காடுகளை ஒட்டிய பகுதியில் புதிதாக மின்வேலி போட முன்கூட்டியே வனத்துறை அனுமதி வேண்டும், ஏற்கெனவே போட்டிருப்பவர்களும் பதிவு செய்ய வேண்டும், கருவி இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கடையில் விலை மலிவு என்று தர முத்திரை இல்லாத கருவியை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

போட்ட பிறகு பராமரிப்பு உண்டு. கம்பியைத் தொடும் புல்லையும் கொடியையும் வாரம் ஒருமுறை வெட்டாவிட்டால் மின்சாரம் அதன் வழியாக மண்ணில் இறங்கி வேலி வெறும் கம்பியாகிவிடும். கோடையில் எர்த் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். யானைகள் மரக்கட்டையைப் போட்டுத் தூணைச் சாய்க்கப் பழகிவிடுகின்றன. அதனால் இப்போது பல இடங்களில் மேலேயிருந்து விழுதுபோலக் கம்பிகள் தொங்கும் வேலியைப் போடுகிறார்கள். தள்ளுவதற்குத் தூண் கைக்கெட்டாத இடத்தில் இருப்பதால் யானைக்கு அதோடு மல்லுக்கட்டுவது கடினம். பத்து விவசாயிகள் சேர்ந்து, ஊர் எல்லை முழுக்க ஒரே வேலியாகப் போட்டால் செலவும் குறையும், பராமரிப்பும் நடக்கும். தனித்தனி வேலிகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும் யானைதான் மிரண்டு எல்லாவற்றையும் உடைக்கிறது.

பக்கத்துத் தோட்டத்தில் கள்ள வேலி இருப்பது தெரிந்தால்? முதலில் நேரில் போய்ச் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் மின்னகத்துக்கும் வனத்துறைக்கும் சொல்லிவிடுங்கள். ஊர்ப்பகை வரும் என்ற பயம் நியாயம்தான். அந்த வேலியில் நாளைக்கு ஆடு தேடிப்போகும் ஒரு பையன் கை வைக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மரத்தில் வாழ்பவைக்கு

வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் துண்டுக் காட்டில் வாழ்கின்றன. மரத்துக்கு மரம் போகும் வழி சாலையால் அறுந்துபோனதால் கம்பிகளிலும் கூரைகளிலும் நடக்கப் பழகின. அங்கே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு சாலைக்கு மேலே மரங்களுக்கு இடையில் பாலங்கள் கட்டியது. குரங்குகள் அவற்றில் போய் வருகின்றன. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கம்பிக்காகக் கிளை வெட்டும்போது, இரண்டு பக்க மரங்களும் கைகோத்திருந்த வழியையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம். வெட்டினால், கம்பியிலிருந்து விலகிய வேறோர் இடத்தில் தடிமனான கயிற்றால் மாற்றுவழி கட்டிவிடுங்கள்.

தேவாங்குக்கு இது இன்னும் முக்கியம். அது தாவாது, பிடித்துப் பிடித்து மெதுவாக நடக்கும். கிளை இல்லாவிட்டால் கம்பியைத்தான் பிடிக்கும். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்கு வெளியே வேலியோரக் கிளுவையிலும் புளியமரத்திலும் வாழும் தேவாங்குகளுக்கு நம் உயிர்வேலிதான் சரணாலயம்.

நீர்நிலைப் பறவைகள் இறப்பது பெரும்பாலும் மோதி. கனத்த உடம்பு, சட்டென்று திரும்ப முடியாது. நீர்நிலைப் பறவை இல்லையென்றாலும், ராஜஸ்தானின் வறண்ட புல்வெளிகளில் வாழும் கானமயில் அழிவின் விளிம்புக்கு வந்ததற்கு இப்படி மோதி இறப்பதும் ஒரு முக்கியக் காரணம். அதன் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே உள்ள மெல்லிய கம்பி தெரிவதில்லை. 2021இல் உச்ச நீதிமன்றம் அப்பகுதிக் கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோக உத்தரவிட்டு, 2024இல் அதை மாற்றி நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. நம் ஊர் ஏரிக்கு மேலே கம்பி போனால், பளிச்சென்று தெரியும் பறவை எச்சரிப்புத் தகடுகளைக் கம்பியில் மாட்டச் சொல்லி மனுவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சிவகங்கை வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் இருக்கும் நாட்டில், ஒரு வரி மனு பெரிய காரியமில்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியது

ஒரு சிறு டப்பா பெயிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் இவற்றை எழுதுங்கள்: மின்னகம் 94987 94987, லைன்மேன் எண், உதவிப் பொறியாளர் எண், வனச்சரக அலுவலக எண், உங்களுக்கு வரும் டிரான்ஸ்ஃபார்மரின் பெயர். அதற்குக் கீழே, உங்கள் நிலத்துக்குள் நிற்கும் கம்பங்களின் எண்களைக் கிழக்கிலிருந்து மேற்காக வரிசையாக எழுதுங்கள். எண் அழிந்துபோன கம்பம் இருந்தால் லைன்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரவில் டார்ச் வெளிச்சத்தில் படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும்.